பிளே ஜிம், ஆக்டிவிட்டி சென்டர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடைந்த பிளாஸ்டிக், கூர்மையான விளிம்பு, சாயம் போகும் துணி இதையெல்லாம் யாரும் சொல்லாமலே பெற்றோர் பார்த்துவிடுவார்கள். முதல் குழந்தைக்கு வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கோட்டை விடுவது வேறு இடங்களில்.

முதலில் பெயர்க் குழப்பம் தீரட்டும். தரை விரிப்பு, அதன் மேல் வளைவுக் கம்பி, அதிலிருந்து தொங்கும் பொம்மைகள் என்றால் அது பிளே ஜிம். பிறந்த சில வாரங்களிலேயே பயன்படும். நடுவில் துணி இருக்கை, சுற்றிலும் பொம்மை பதித்த தட்டு என்றால் ஆக்டிவிட்டி சென்டர். அரை வயதை ஒட்டித்தான் அதற்கு வேலை. ஒன்று இன்னொன்றுக்கு மாற்று ஆகாது.

நின்றபடி பார்த்துத் தேர்ந்தெடுப்பது

படத்தில் யானைப் பொம்மை நம்மைப் பார்த்துச் சிரிக்கும். குழந்தையோ கீழே மல்லாந்து கிடக்கிறது. அதன் கண்ணுக்கு யானை முகம் தெரியாது. நான்கு பாதமும் அடிவயிற்றுத் தையலும்தான் தெரியும். போன் கேமராவை மேல்நோக்கி வைத்து, விரிப்பின் மட்டத்திலிருந்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். குழந்தை பார்ப்பது அதுதான். முகமோ, கோடுகளோ, கறுப்பு வெள்ளைக் கட்டங்களோ கீழ்நோக்கி இருக்கிற பொம்மைதான் முதல் மாதங்களுக்கு உதவும்.

அடுத்தது உயரம். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். உயரமான வளைவில் பொம்மை அதற்கும் மேலே நின்றுவிட்டால் வெறும் நிழல்தான். ஆகவே வளையமோ பட்டையோ போட்டு ஏற்றி இறக்க முடிகிற மாதிரியாக வாங்குங்கள். இறக்குவதற்காக வீட்டுக் கயிற்றைக் கட்டவே கூடாது. நீளக் கயிறு கழுத்தைச் சுற்றும்.

மூன்று மாதம் வாக்கில் கை வீசத் தொடங்கும்போது, முழங்கை லேசாக மடங்கிய நிலையிலேயே கை படும்படி இறக்குங்கள். பொம்மை நெற்றிக்கு நேராக அல்ல, நெஞ்சுக்கு நேராகத் தொங்க வேண்டும். நெற்றிக்கு மேலே இருந்தால் குழந்தை அதைப் பார்க்கத் தலையைப் பின்னுக்குத் தள்ளி முதுகை வில்லாக வளைக்கும். நெஞ்சுக்கு நேராக இருந்தால் தாடை தாழும், இரண்டு கையும் நடுவில் வந்து சேரும். ஒரு நேரத்தில் இரண்டு பொம்மை போதும்.

மெத்தென்று இருக்கிறது என்று வாங்குவது

உள்ளங்கையை விரிப்பில் அழுத்தி எடுங்கள். கை புதைந்து, எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றால் அது வேண்டாம். குப்புறப் படுக்கும் குழந்தை முழங்கையை ஊன்றித்தான் தலையைத் தூக்க வேண்டும். புதைகிற விரிப்பில் ஊன்ற இடம் கிடைக்காது, முகமும் புதையும். அடிப்பக்கம் வழுக்காத துணியா என்றும் பாருங்கள். இசைப் பெட்டி தைத்தே வந்தால் துவைக்க வழியில்லை. கழற்ற வர வேண்டும்.

கழுத்து நின்றதும் ஆக்டிவிட்டி சென்டர் இருக்கையில் இறக்குவது

இத்தனையிலும் அதிக விலை கொடுக்க வைக்கிற தவறு இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காததும் இதில்தான்.

எந்த வீட்டிலும் காட்சி ஒன்றுதான். நான்கு மாதக் குழந்தை. பெட்டியின் மேல் "4 மாதம் முதல்" என்று அச்சிட்டிருக்கும். இருக்கையில் இறக்கினால் குழந்தை ஒரு பக்கமாகச் சாயும். உடனே இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டிச் செருகுவார்கள். கால் தரையில் எட்டாது. கீழே ஒரு தடித்த புத்தகமோ தலையணையோ போகும். குழந்தை விரல் நுனியால் உந்தித் துள்ளும். "பாருங்க, இப்பவே நிக்கிறா!" என்று எல்லோரும் கைதட்டுவார்கள்.

அந்தக் குழந்தை நிற்கவில்லை. தொங்குகிறது. எடை முழுவதும் கவட்டித் துணியில் இருக்கிறது. இடுப்புக்கு மேல் இன்னும் வலு வராததால் நெஞ்சு தட்டின் விளிம்பில் சாய்கிறது. களைத்ததும் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் படுகிறது. அந்த நிலையில் மூச்சுப் பாதை குறுகும். துண்டு செருகியதால் இது எதுவும் சரியாகவில்லை, சாய்வது மட்டும் மறைகிறது.

சீக்கிரம் நடக்கும் என்ற நம்பிக்கையும் தவறு. எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி, தன் பாதத்தைப் பார்த்து, விழுந்து கையை ஊன்றிப் பழகித்தான் நடை வருகிறது. இருக்கையில் விழவே முடியாது. தட்டு பாதத்தை மறைத்துவிடுகிறது. அங்கே போகும் நேரம் தரையில் உருண்டு புரள வேண்டிய நேரத்திலிருந்துதான் கழிகிறது. இன்னும் நகரத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும்போது, நாள் முழுவதும் பிரித்துப் பிரித்துக் குறைந்தது 30 நிமிடமாவது குப்புறப் படுக்க வைக்க வேண்டும். ஒரே மூச்சில் 1 மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போட்டது போல் உட்கார வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு.

எப்போது இறக்கலாம்? பெட்டியில் போட்ட மாதத்தை விடுங்கள். குழந்தையைத் தரையில் உட்கார வைத்து இடுப்பை மட்டும் பிடியுங்கள். முதுகு குழையாமல், இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தும் சாயாமல் இருந்தால் தயார். பலருக்கு இது ஆறு மாதத்தை ஒட்டி வரும்.

பிறகு உயரத்தைச் சரிசெய்யுங்கள். மிகத் தாழ்ந்த நிலையில் தொடங்கி, செருப்பு, சாக்ஸ் இல்லாமல் இறக்குங்கள். முழங்கால் லேசாக மடங்கி, உள்ளங்கால் முழுவதும் தரையில் படிய வேண்டும். குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதத்தைத் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்தால் குதிகால் தூக்கியிருக்கிறது. மிகத் தாழ்ந்த நிலையிலும் அப்படியென்றால், கால் வளரும்வரை காத்திருங்கள். இருக்கைத் துணி தொடையின் கீழும் தாங்கும்படி அகலமாக இருக்கட்டும். நாடா போல ஒடுங்கி இருந்தால் கால்கள் நேராகத் தொங்கும், அது இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். தானாகப் பிடித்து நிற்கவோ ஏறி வெளியே வரவோ முயன்றால் அன்றோடு எடுத்துவிடுங்கள்.

சக்கரம் வைத்த வாக்கர்

வேண்டாம். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. படிக்கட்டில் உருண்டு விழுவதுதான் முதல் ஆபத்து.

பிளே ஜிம்மிலேயே தூங்க விடுவது

கண் சொருகியதும் தூக்கிவிடுங்கள்.

எப்போதும் ஒரே திசையில் கிடத்துவது

ஜன்னலோ டிவியோ இருக்கும் பக்கமே தலை திரும்பிக் கிடந்தால் மண்டையில் அந்தப் பக்கம் தட்டையாகும். ஒவ்வொரு முறையும் தலைப்பக்கத்தை மாற்றிக் கிடத்துங்கள். அப்போதும் ஒரே பக்கம்தான் திரும்புகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வளைவைக் கழற்ற மறப்பது

தொட்டில் கட்டிலின் குறுக்கே கட்டும் வகை என்றால், 5 மாதம் ஆனதும் அல்லது கையும் முழங்காலும் ஊன்றி எழத் தொடங்கியதும், எது முந்துகிறதோ அப்போது கழற்றிவிட வேண்டும். தரை வளைவையும் பிடித்து இழுக்க ஆரம்பித்தால் விரிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி மூடி

திருகாணி இல்லையென்றால் வாங்காதீர்கள். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் தசையை அரிக்கத் தொடங்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். இருமலோ வாந்தியோ வரட்டும் என்று காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்கவும் முயலாமல், நேராக அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.