பழைய ஸ்பிரிங்கில் வெட்டிரும்பு அடித்துப் பதமேற்றும் முறை

வீட்டுப் பட்டறையில் முதலில் அடித்துப் பழக வெட்டிரும்பு, அதாவது இரும்பை வெட்டும் உளி, நல்ல பொருள். அடிப்பது எளிது. ஆனால் பதம் தவறினால் முதல் வெட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இரும்பு: 12 மி.மீ. கம்பியுள்ள கார் காயில் ஸ்பிரிங் போதும். பெங்களூரில் சிவாஜி நகர் குஜரிக் கடைகளில் (பழைய சாமான் கடைகள்) தேடலாம். தனியாகக் கழற்றி வைத்ததையே வாங்குங்கள். ஷாக் அப்சார்பரோடு இருப்பதை நீங்களே பிரிக்கக் கூடாது, அழுந்திய ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடித்துவிடும். கட்டுமானக் கம்பி வேண்டாம், அதில் கார்பன் குறைவு, கெட்டிப்படாது. துத்தநாக முலாம் பூசிய எதையும் உலையில் வைக்காதீர்கள். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

உலை: பழைய பிரேக் டிரம், அடியில் குழாய், காற்றுக்கு ஒரு சிறிய புளோயர், மரக்கரி. திறந்த இடம் கட்டாயம், மூடிய பால்கனியில் கரிப்புகை உயிருக்கே ஆபத்து. பருத்தி உடை, கண்ணாடி, மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

அடித்தல்: வெட்டுச் சக்கரத்தால் ஒரு வளைவை அறுத்து, ஆரஞ்சு நிறத்தில் காய்ச்சி நிமிர்த்தி, 18 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு முனையில் 4 செ.மீ. அளவுக்கு இரு பக்கமும் மாற்றி மாற்றி அடித்துத் தட்டையாக்குங்கள். சிவப்பு மங்கியதும் சுத்தியலை நிறுத்திவிட்டு மறுபடி காய்ச்ச வேண்டும். மங்கிய இரும்பை அடித்தால் உள்ளே வெடிப்பு விழும். வெள்ளையாகிப் பொறி பறந்தால் இரும்பு எரிந்துவிட்டது, அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான்.

அடித்து முடித்ததும் காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சி, காற்றில் தானாக ஆறவிடுங்கள். மூன்று முறை. பலரும் தவிர்ப்பது இதைத்தான், பிறகு விரிசல் விழுந்ததற்குக் காரணம் தேடுவார்கள். விளிம்பை 60 பாகைக்குத் தேய்த்து, நுனியை 1.5 மி.மீ. தடிமனில் விடுங்கள். மெல்லியதாகத் தேய்த்தால், துவைக்கும்போது, அதாவது காய்ச்சிய இரும்பை எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்தும்போது, வெடிக்கும்.

துவைத்தல்: மூடியுள்ள இரும்பு டின்னில் 3 லிட்டர் கடலை எண்ணெயை 50 டிகிரிக்குச் சூடாக்குங்கள். இந்த வேலைக்கு நிழல் வேண்டும், வெயிலில் நிறம் தெரியாது. காந்தம் சுமார் 770 டிகிரியில் விட்டுவிடும், அதற்கு மேலும் சற்றுப் பிரகாசமானதும் நுனியின் 3 செ.மீ.யை எண்ணெயில் இறக்கி, மேலும் கீழும் அசையுங்கள். தண்ணீர் வேண்டாம், ஸ்பிரிங் இரும்பு அதில் பிளக்கும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியால் அணையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறியபின் அரம் வழுக்கினால் கெட்டிப்பட்டது, கடித்தால் சூடு போதவில்லை.

பதம் இறக்குதல்: நாளைக்கு என்று வைக்காதீர்கள். நுனி இப்போது கண்ணாடிபோல நொறுங்கும், மிதமாகச் சூடாக்கி அதைக் குறைப்பதுதான் பதம் இறக்குதல். ஒரு முகத்தை எமரித் தாளால் பளபளப்பாக்குங்கள். தடித்த இரும்புத் துண்டு ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி, அதன்மேல் வெட்டிரும்பின் நடுப்பகுதியை வைத்து, நுனியை வெளியே நீட்டி விடுங்கள். சிறிது நேரத்தில் வைக்கோல் மஞ்சள் நுனியை நோக்கி ஊர்ந்து வரும். பின்னாலேயே பழுப்பு, அதன் பின் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். கத்தரிப்பூ நிறம் நுனியைத் தொட்ட கணமே, சுமார் 280 டிகிரி, தண்ணீரில் போடுங்கள். இந்தச் சூட்டில் தண்ணீரால் தீங்கில்லை. சுத்தியல் படும் தலைப்பக்கத்தைத் துவைக்கவே கூடாது, அடியில் சில்லுகள் பறக்கும்.

சோதனை: 3 மி.மீ. மைல்ட் ஸ்டீல் பட்டையை வைஸில் கடிக்கவைத்து வெட்டிப் பாருங்கள். விளிம்பு மடங்கினால் துவைப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். சில்லு உதிர்ந்தால் உதிர்ந்ததைத் தேய்த்துவிட்டு, நிறத்தை நீலம் வரை ஓடவிடுங்கள்.