புத்தகத்துக்கு முன்கூட்டியே பணம் தருபவர்கள் செய்யும் தவறுகள்

சிறு பதிப்பகங்களும் தனி எழுத்தாளர்களும் கிரவுட் ஃபண்டிங் (பலரிடம் சிறு சிறு தொகையாக முன்கூட்டியே பணம் திரட்டுவது) மூலம் புத்தகம் போடும்போது, அதற்குப் பணம் தருபவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் தருகிறார்கள். ஆனால் கடையில் பொருள் வாங்கிய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. பணம் கட்டியாயிற்று, இனி புத்தகம் வர வேண்டும், வராவிட்டால் மோசடி என்றே கணக்குப் போடுகிறோம். இப்படிப் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்டர் என்கிற இணையதளம் 'நாங்கள் கடை அல்ல' என்று 2012-லேயே அறிவித்துவிட்டது. அதன் விதிகளின்படி ஒப்பந்தம் உங்களுக்கும் திட்டத்தை நடத்துபவருக்கும் இடையில்தான். புத்தகம் வராவிட்டால் தளம் பணத்தைத் திருப்பித் தராது. நடத்துபவரால் முடிக்க முடியாமல் போனால், பணம் எப்படிச் செலவானது என்று அவர் கணக்குச் சொல்ல வேண்டும், மிச்சமிருப்பதைத் திருப்பித் தர முன்வர வேண்டும். மிச்சமே இல்லையென்றால் என்ன செய்வது? ஒன்றும் செய்வதற்கில்லை. போனாலும் தாங்கும் என்கிற தொகையை மட்டும் கொடுங்கள்.

எந்த முறையில் பணம் திரட்டுகிறார்கள் என்று பார்க்காமல் விடுவதுதான் என் பார்வையில் இருப்பதிலேயே பெரிய தவறு. கிக்ஸ்டார்டரில் கெடு முடிவதற்குள் முழு இலக்கையும் எட்டினால்தான் உங்கள் கார்டிலிருந்து பணம் எடுக்கப்படும். எட்டாவிட்டால் ஒரு காசும் போகாது. இண்டிகோகோ என்கிற இன்னொரு தளம் பரவலாக்கிய வேறொரு முறையில், எவ்வளவு சேர்ந்தாலும் அதை நடத்துபவர் வைத்துக்கொள்ளலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் புத்தகத் தொழிலின் கணக்கு வேறு. ஆஃப்செட் அச்சில் (பக்கங்களைத் தகட்டில் பதித்து அச்சிடும் முறை) பிளேட் போடுவதற்கும் இயந்திரத்தைத் தயார் செய்வதற்கும் நூறு பிரதி என்றாலும் ஆயிரம் பிரதி என்றாலும் செலவு ஒன்றுதான். எடிட்டிங், மெய்ப்பு, அட்டை, பக்க வடிவமைப்பு எதுவும் பிரதி எண்ணிக்கையைப் பார்த்துக் குறையாது. அதனால் இலக்கில் மூன்றில் ஒரு பங்கு பணம் வந்தால் மூன்றில் ஒரு பங்கு பிரதிகள் அச்சாகும் என்று நினைத்துவிடக் கூடாது. பல நேரம் ஒரு பிரதிகூட அச்சாகாது. இந்த முறையில் பணம் கேட்பவரிடம், இலக்கு எட்டவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். டிஜிட்டல் அச்சில் குறைந்த பிரதிகள் போடுவோம், அல்லது மின்னூலாகத் தருவோம் என்று தெளிவான பதில் வந்தால் சரி. 'எல்லாம் நல்லபடியாக நடக்கும்' என்பது பதில் ஆகாது.

இலக்கு மிகவும் சின்னதாக இருந்தால் சந்தோஷப்படுபவர்களும் உண்டு. நான் அங்கே கொஞ்சம் நிற்பேன். தளக் கட்டணம் 5 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் இன்னும் மூன்று முதல் ஐந்து சதவீதம் என்று, திரண்ட தொகையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு வாசலிலேயே போய்விடும். சிலருடைய கார்டு கடைசி நேரத்தில் வேலை செய்யாது. அப்புறம் தபால். கெட்டி அட்டை போட்ட படப் புத்தகம் சுலபமாக ஒரு கிலோவைத் தாண்டும். அதை வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவு புத்தகத்தின் அடக்க விலையையே மிஞ்சிவிடலாம். இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர் கேட்கும் தொகை கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். தபால் செலவைப் பிறகு தனியாகக் கேட்கும் திட்டங்களும் நிறைய. அது தப்பில்லை, ஆனால் முன்பே சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பணம் யார் கையில் போகிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. சில தளங்கள் திரண்ட பணத்தை நேராக நடத்துபவரிடம் கொடுத்துவிடும். சில இடங்களில் தளமே பதிப்பகமும் கூட, பணம் அவர்களிடமே தங்கும். 2011-ல் பிரிட்டனில் தொடங்கிய அன்பவுண்ட் இந்த இரண்டாவது வகை. வாசகர்கள் பணத்தில் பல நல்ல புத்தகங்களைக் கொண்டுவந்த நிறுவனம்தான். 2025-ல் அது நொடித்தபோது எழுத்தாளர்களுக்கு வர வேண்டிய பணம் நிலுவையில் நின்றது, பணம் கட்டிக் காத்திருந்த வாசகர்களும் மாட்டிக்கொண்டார்கள். எழுத்தாளர் நல்லவரா என்று பார்த்தால் போதாது, நடுவில் நிற்கும் நிறுவனம் எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

கைப்பிரதி எந்த நிலையில் இருக்கிறது? அட்டைப்படம் அழகாக இருந்தால் இந்தக் கேள்வி மறந்துபோகிறது. 2022-ல் அமெரிக்க நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன் கிக்ஸ்டார்டரில் 4 கோடி டாலருக்கு மேல் திரட்டியது பெரிய செய்தியானது. தொகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆதரவு கேட்டு வந்தபோது அவர் நான்கு நாவல்களையும் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார் என்பதுதான் நமக்குப் பாடம். எழுதி முடித்த புத்தகத்துக்கு அச்சும் அனுப்புதலும்தான் பாக்கி. இன்னும் எழுதாத புத்தகத்துக்குப் பணம் தரக் கூடாது என்று சொல்லவில்லை. ஆய்வு நூல்களும் மொழிபெயர்ப்புகளும் அப்படித்தான் வர முடியும். ஆனால் அதற்குத் தனிப் பொறுமை வேண்டும், ஒரு மாதிரி அத்தியாயமாவது கேட்டு வாங்கிப் படித்திருக்க வேண்டும்.

இனி பரிசுகள். கோப்பை, பை, புத்தகக் குறி, கையெழுத்திட்ட சிறப்புப் பிரதி எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தயாரிப்புச் செலவு, பொதி கட்டும் வேலை, கூடுதல் எடை என்று இருக்கிறது. நீங்கள் கூடக் கொடுத்த தொகையில் பாதி அந்தக் கோப்பைக்கே போகலாம். புத்தகம் வர உதவுவதுதான் எண்ணம் என்றால் வெறும் புத்தகத்தையோ மின்னூலையோ தேர்ந்தெடுத்து, முடிந்தால் மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். 'இன்னும் இவ்வளவு சேர்ந்தால் கூடுதலாக இது தருவோம்' என்று நடுவழியில் அறிவித்துக்கொண்டே போகும் திட்டங்கள் தாமதமாவதற்கு வாய்ப்பு அதிகம். அதற்காக ஆதரவாளர்களே நச்சரிப்பது இன்னும் மோசம்.

கடைசி நாள் வரை காத்திருப்பதும் கெடுதல்தான். இலக்கை எட்டினால்தான் பணம் போகும் என்கிற தளத்தில் முதல் நாளே சேர்வதால் உங்களுக்கு நஷ்டமில்லை, மனம் மாறினால் கெடுவுக்குள் பெரும்பாலும் விலகிக்கொள்ளலாம். முதல் சில நாட்களில் எண்ணிக்கை அசையாமல் கிடக்கும் திட்டத்தைப் பார்த்துப் புதிதாக வருபவர்கள் தயங்குவார்கள்.

சிற்றிதழ் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். ஒருமுறை திரட்டிய பணம் முதல் ஓரிரு இதழ்களுக்குத்தான் வரும். மூன்றாவது இதழுக்கு என்ன வழி என்று கேளுங்கள். சந்தாவோ, பேட்ரியான் போன்ற மாத ஆதரவோ இருந்தால் பெரிய தொகையை ஒரேயடியாகத் தருவதைவிட அதில் சேருவது அவர்களுக்கு அதிகம் பயன்படும்.

பணம் கொடுத்த பிறகு இரண்டு வகையாகத் தவறுகிறோம். ஒன்று, அடியோடு மறந்துவிடுவது. முகவரி கேட்டு வரும் படிவத்தை நிரப்பாததாலேயே அனுப்ப முடியாமல் பிரதிகள் கிடங்கில் தேங்கும். வீடு மாறினால் தெரிவியுங்கள். இன்னொன்று, முதல் தாமதத்திலேயே கொதிப்பது. ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1756-ல் வாசகர்களிடம் சந்தா வாங்கி, 1757 முடிவதற்குள் தருவதாகச் சொன்ன ஷேக்ஸ்பியர் பதிப்பு 1765-ல்தான் வந்தது. இடையில் கிண்டலும் திட்டும் வாங்கினார், ஆனால் பதிப்பு வந்தது. தாமதத்தைவிட மௌனத்துக்குத்தான் நான் பயப்படுவேன். மெய்ப்பு முடிந்தது, தாள் விலை ஏறிவிட்டது, அச்சகத்தில் வரிசை என்று மாதம் ஒரு தகவல் வந்தால் காத்திருக்கலாம். பல மாதங்களாகச் சத்தமே இல்லை என்றால் முதலில் மரியாதையாக எழுதிக் கேளுங்கள், பதில் இல்லையென்றால் தளத்தில் புகார் கொடுங்கள். வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பிடிப்பது அதற்கும் பிறகுதான். அப்படிப் பிடித்தால் வங்கி அபராதமும் நடத்துபவர் தலையில் விழலாம், மற்ற ஆதரவாளர்களின் பிரதிக்கான பணமும் குறையும்.