யூனிட் விலையோடு கணக்கை முடிக்காதீர்கள்: வெளிநாட்டு மைனிங் தளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் பிட்காயின் மைனிங் தளம், அதாவது பிட்காயின் ஈட்டுவதற்காக கம்ப்யூட்டர் மெஷின்களை ஓட்டும் இடம், போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, கரன்ட் யூனிட் எவ்வளவு என்றுதான். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஒரு பதிலை வைத்தே நாட்டை முடிவு செய்துவிடுவார்கள். பெரும்பாலான நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆன்ட்மைனர் எஸ்21 போன்ற ஒரு மைனிங் மெஷின் சுமார் 3,500 வாட் இழுக்கும், அதாவது நாளுக்கு 84 யூனிட். ஆயிரம் மெஷின் ஓடினால், யூனிட்டுக்கு ஒரு சென்ட் ஏறினாலே நாளுக்கு 840 டாலர், வருடத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். அந்த ஒரு சென்ட் எங்கிருந்தும் வரலாம்: ஒதுக்கிய மின்திறனுக்கான மாத நிலைக்கட்டணம், டிரான்ஸ்பார்மர் இழப்பு, கொட்டகையின் மின்விசிறிகள், வரி. சொன்ன விலை எந்த மீட்டரில் அளக்கப்படுகிறது, துணை மின்நிலையத்திலா மெஷின் பக்கத்திலா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சில ஒப்பந்தங்களில் கரன்ட் எடுக்காவிட்டாலும் குறைந்தபட்சத் தொகை கட்டியாக வேண்டும். மெஷின்கள் சுங்கத்தில் முடங்கிக் கிடக்கும் வாரங்களுக்கும் சேர்த்துத்தான்.

அதைவிடப் பெரிய தவறு, விலை ஏன் குறைவு என்று கேட்காமல் விடுவது. 2021-ல் சீனா மைனிங்கைத் தடை செய்ததும் ஏராளமான மெஷின்கள் கஜகஸ்தானுக்குப் போயின. அந்தக் குளிர்காலத்திலேயே மின்பற்றாக்குறை வந்தது. 2022 ஜனவரியில் மைனர்களுக்கு, அதாவது மைனிங் செய்பவர்களுக்கு, மின் சப்ளை நிறுத்தப்பட்டது. அதே மாதம் கலவரத்தில் இன்டர்நெட்டும் போனது. போதாக்குறைக்கு யூனிட்டுக்கு ஒரு டெங்கே (அந்த நாட்டு நாணயம்) கூடுதல் கட்டணமும் வந்தது. நாட்டு மக்களுக்காகக் குறைவாக வைத்த விலையில் நாம் புகுந்தால், தட்டுப்பாடு வரும்போது முதல் வெட்டு நமக்குத்தான் விழும். ஸ்வீடனில் தட்டுப்பாடுகூட இல்லை, வரிச்சலுகைதான் போனது: 2023 ஜூலையில் டேட்டா சென்டர்களுக்கான மின்வரி யூனிட்டுக்கு 0.006 குரோனாவிலிருந்து பல மடங்கு ஏறியது.

உபரி நீர்மின்சாரம் இதைவிட நம்பகமான காரணம். ஆனால் அதற்கும் பருவம் உண்டு. தடைக்கு முன்பு சீனாவின் சிச்சுவானில் மழைக்காலத்தில் ஓட்டிய பலர், வறண்ட மாதங்களில் மெஷின்களைக் கழற்றி ஷின்ஜியாங்குக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். இதாய்ப்பு அணையின் உபரி இருக்கும் பராகுவேயிலும் 2024-ல் மைனர்களுக்கான கட்டணம் ஏறியது.

வருடம் முழுக்க 24 மணி நேரமும் ஓடும் என்று போடும் கணக்கும் தப்பு. மெஷினை அணைக்க வேண்டிய நாட்களும் வரும், அப்போது வருமானம் இல்லை. டெக்சஸில் நிலைமை தலைகீழ்: கோடையில் மெஷினை அணைத்ததற்காகவே ரயட் என்ற மைனிங் நிறுவனம் 2023 ஆகஸ்டில் 3.17 கோடி டாலர் அளவுக்கு மின்சாரச் சலுகைத்தொகை பெற்றது. அப்படி ஒரு ஏற்பாடு இல்லாத ஊரில் அணைத்தால், அது வெறும் நஷ்டம்.

வருமானப் பக்கமும் அசையாமல் நிற்காது. 2,016 பிளாக்குகளுக்கு (பிட்காயின் பரிவர்த்தனைகளின் தொகுப்புகள்) ஒருமுறை, ஏறக்குறைய இரண்டு வாரத்தில், டிஃபிகல்டி, அதாவது ஒரு பிளாக்கைக் கண்டுபிடிப்பதன் கடினம், மாறும். 2024 ஏப்ரலில் ஒரு பிளாக்குக்குக் கிடைக்கும் பரிசு பாதியாகி 3.125 பிட்காயினாகக் குறைந்தது. இப்படிப் பாதியாவதுதான் ஹால்விங்; அடுத்தது 2028 வாக்கில். இன்றைய டிஃபிகல்டியை வைத்து மூன்று வருட லாபம் காட்டும் எக்ஸெல் தாளை நான் நம்ப மாட்டேன்.

குளிர்ந்த ஊர் நல்லதுதான். ஆனால் தூசி, ஈரப்பதம், காற்று மெலிந்த உயரம் மூன்றையும் பாருங்கள். அப்புறம் சத்தம். நார்வேயின் ஹாட்செல் பகுதியில் அக்கம்பக்கத்தார் சத்தத்தைப் புகார் சொல்லிவந்த தளம் 2024-ல் மூடப்பட்டது.

சொந்தத் தளம் வேண்டாம், வேறொருவர் இடத்தில் வைக்கலாம் என்றால், சரி, ஒப்பந்தத்தில் ஒவ்வொரு மெஷினின் சீரியல் எண்ணும் உங்கள் பெயரில் இருக்கட்டும். அமெரிக்காவின் கம்ப்யூட் நார்த் என்ற மைனிங் தள நிறுவனம் 2022 செப்டம்பரில் திவால் மனு போட்டது. அதன் இடங்களில் மற்றவர்களின் மெஷின்களும் இருந்தன. மெஷின்களைத் திரும்ப ஏற்றுமதி செய்ய அந்த நாடு என்ன கேட்கும் என்பதையும் பணம் கட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.