"அப்புறம் ரேம் போட்டுக்கலாம்" என்று வாங்கிய மடிக்கணினி

கோத்தகிரியில் சாயங்காலம் என்னிடம் வெப் டெவலப்மென்ட் பழக வரும் பையன் ஒருவன், போன வாரம் புது மடிக்கணினியோடு வந்து நின்றான். மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்கவில்லை. எத்தனை ஜிபி ரேம் என்று கேட்டேன்.

"8 தான் அண்ணா. பத்தலேன்னா அப்புறம் போட்டுக்கலாம்னு கடையில சொன்னாங்க."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே பேச்சை நம்பி இரண்டு வருடம் அவதிப்பட்டவன் நான்.

ரேமையும் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் நினைவகம்) எஸ்எஸ்டியையும் (கோப்புகளைச் சேமிக்கும் இடம்) குழப்பிக்கொள்வது போன்ற பாலபாடத் தவறுகளை விட்டுவிடுகிறேன். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களும் விழுகிற குழிகள்தான் கீழே இருப்பவை.

ரேம் மாட்டும் ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்காமல் 8 ஜிபி வாங்குவது

நான் வாங்கியது மெல்லிய மாடல். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊர் இது. பேட்டரி நின்றால் போதும் என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் என்று இருந்தவரை ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு ஹோம்ஸ்டேக்கு முன்பதிவுத் தளம் செய்யும் வேலை வந்தது. திரைப் பக்கத்துக்கு ரியாக்ட், சர்வர் பக்கத்துக்கு நோட், டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரஸ் எல்லாம் ஒன்றாக ஓட வேண்டும். கணக்குப் பாருங்கள். விண்டோஸ் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் திரைக்கான நினைவகமும் இதே ரேமிலிருந்துதான் போகிறது. விஎஸ் கோடு பார்க்கத்தான் எடிட்டர், உள்ளே எலக்ட்ரான் என்ற பெயரில் ஒரு குரோமியம் உலாவியே ஓடுகிறது. குரோம் வேறு தளத்துக்குத் தளம் தனி பிராசஸ் வைத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் எழுதுவதை உடனுக்குடன் காட்டும் டெவ் சர்வரும் டேட்டாபேஸும் பிழைக்க வேண்டும்.

இடம் தீர்ந்ததும் சிஸ்டம் ரேமில் இருப்பதை எஸ்எஸ்டிக்கு இறக்குவதும் ஏற்றுவதுமாக இருக்கும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ரேமுக்குப் பக்கத்தில்கூட வராது. ஒரு வரியைத் திருத்திச் சேமித்துவிட்டு, அது உலாவியில் தெரிவதற்குள் போனை நோண்டப் பழகிவிட்டேன்.

சரி, ரேம் போட்டுவிடலாம் என்று ஒருநாள் கீழே இறங்கினேன். எங்களுக்குக் 'கீழே' என்றால் மேட்டுப்பாளையமும் கோவையும்தான். காந்திபுரத்தில் ஒரு கடையில் டெக்னீஷியன் பின்மூடியைக் கழற்றி, என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஸ்லாட்டே இல்லை. ரேம் சிப்புகள் மதர்போர்டிலேயே பற்றவைத்து சால்டர் செய்யப்பட்டிருந்தன. "ஒண்ணும் பண்ண முடியாது சார், போர்டையே மாத்தணும்." போர்டு விலையைச் சொன்னார். மூடியை மாட்டச் சொல்லிவிட்டேன். திரும்பும்போது கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மடியில் இருந்த அந்தச் சனியன் நழுவியது. பிடிக்கவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை. வாங்கும்போதே சில ஆயிரம் கூடக் கொடுத்திருந்தால் 16 ஜிபி மாடல் கிடைத்திருக்கும்.

விவரத்தில் ரேம் வகை எல்பிடிடிஆர்4எக்ஸ், எல்பிடிடிஆர்5 என்று போட்டிருந்தால் அநேகமாக அது சால்டர் செய்ததுதான். மின்சாரம் குறைவாகத் தின்னும், பேட்டரி நிற்கும். அதில் குற்றமில்லை, ஆனால் அதை 8-ல் வாங்காதீர்கள். ஆப்பிளின் எம் வரிசை மெஷின்களிலும் பின்னால் சேர்க்க வழியில்லை. அவர்களே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் தொடக்க அளவை 16 ஜிபியாக உயர்த்திவிட்டார்கள்.

வெறும் டிடிஆர்4 என்று இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். பாதி சால்டர், பாதி ஸ்லாட் என்று வருகிற மாடல்களும் உண்டு. கடையில் டிஸ்ப்ளே பீஸ் இருந்தால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. 'ஃபார்ம் ஃபேக்டர்' எதிரே 'எஸ்ஓடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ஒட்டியது. பக்கத்தில் காட்டும் ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சில மெஷின்கள் சால்டர் செய்ததையும் ஸ்லாட் கணக்கில் சேர்த்துக் காட்டும்.

'ஹீப் அவுட் ஆஃப் மெமரி' என்று வந்ததும் ரேம் வாங்க ஓடுவது

குன்னூரில் ஒரு நண்பர் இதைச் செய்தார். 16-ஐ 32 ஆக்கியும் அதே பிழை. நோட் தன் ஹீப்புக்கு, அதாவது நிரல் ஓடும்போது தரவை வைக்கும் இடத்துக்கு, தனியாக ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ரேம் காலியாகக் கிடந்தாலும் அந்த வரம்பைத் தொட்டதும் நின்றுவிடும். 'மேக்ஸ் ஓல்ட் ஸ்பேஸ் சைஸ்' என்ற அமைப்பில் எண்ணை உயர்த்தினோம், பில்ட் முடிந்தது. (அவர் கோடில் மெமரி கசிவும் இருந்தது, அது வேறு கதை.)

டாக்கருக்குக் கடிவாளம் போடாமல் விடுவது

டாக்கர் என்பது நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி. விண்டோஸில் டாக்கர் டெஸ்க்டாப் பெரும்பாலும் டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) மேல்தான் ஓடும். நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால் அது மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளலாம். 16 இருந்தால் 8. புள்ளியில் தொடங்கும் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பை உங்கள் யூசர் ஃபோல்டரில் வைத்து, அதில் உச்சவரம்பைக் குறித்துவிடுங்கள். சின்ன வேலைகளுக்கு 4 ஜிபி தாராளம்.

ஒரே 16-ஆ, இரண்டு 8-ஆ?

8 ஜிபி ரேம் இரண்டு மாட்டினால் கொஞ்சம் வேகம், கிராபிக்ஸுக்கும் நல்லது. ஆனால் இரண்டு ஸ்லாட்டும் நிரம்பிவிடும், நாளைக்கு ஏற்ற வேண்டுமென்றால் ஒன்றைத் தூக்கிப் போட வேண்டும். நான் ஒரே 16 வாங்குவேன்.

ரேம் கிளீனர் செயலிகள்

வேண்டாம்.

32 ஜிபி

ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் (கணினிக்குள் ஓடும் போலி ஆண்ட்ராய்டு போன்) நாலைந்து கன்டெய்னரும் ஒரே நேரத்தில் ஓட்டுபவர்களுக்கு. மற்றவர்கள் அந்தக் காசில் நல்ல திரை வாங்குங்கள்.

பையனின் மெஷினில் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். எஸ்ஓடிம். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு ஸ்லாட் காலியாகவே இருந்தது. நான் மூச்சு விட்டேன். அவன் மட்டும் சாவகாசமாகச் சொன்னான்: "அதான் கடையில சொன்னாங்களே அண்ணா."