நைரோபிக்குப் புறப்படுமுன்

தம்பி, நைரோபி உயர்ஸ்தானிகராலயத்துக்கு நியமனம் கிடைத்ததும் சூட்கேஸ் தேடாதே. முதலில் கிளிநொச்சியில் உள்ள கரைச்சிப் பிரதேச செயலகத்துக்குப் போ. போரில் ஆவணங்களைத் தொலைத்த நம் வன்னிக் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய வேலை. உனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிறப்புச் சான்றிதழ்களின் புதிய பிரதிகளை எடு. ஆங்கில மொழிபெயர்ப்பில் பெயர்கள் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பார். முதலெழுத்து ஓரிடத்திலும் அப்பாவின் முழுப்பெயர் இன்னோரிடத்திலும் இருப்பது நம்மவருக்கு வழமை. அங்கேதான் சிக்கல் வரும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே போட்டுவிடு. சான்றிதழ் அதன்பிறகே செல்லுபடியாகும்.

இராஜதந்திர உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 41ஆம் உறுப்புரையை வீட்டாருக்கும் வாசித்துக் காட்டு: வழக்கு, கைது போன்றவற்றிலிருந்து விலக்குரிமை இருந்தாலும் போய் வாழும் நாட்டின் சட்டத்தை மதிக்கவேண்டும்.

அம்மாவைக் கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடு.