ஹோமியோபதி மருந்து உடலுக்கு ஒத்துக்கொள்ளாதபோது செய்ய வேண்டியவை

ஹோமியோபதிக்குப் பக்கவிளைவே கிடையாது என்று நம்பி மருந்து சாப்பிட்டவருக்கு மூன்றாம் நாள் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டால், பயத்தைவிடக் குழப்பமே முதலில் வரும். மருந்து கொடுத்தவரிடம் கேட்டால், உள்ளே இருந்த நோய் வெளியே வருகிறது, பொறுத்திருங்கள் என்ற பதில் கிடைப்பது வழக்கம். பொறுத்திருப்பதா, நிறுத்துவதா, மருத்துவமனைக்குப் போவதா என்பதை முடிவு செய்ய உடலில் தெரியும் அறிகுறியையும் புட்டியில் எழுதியிருக்கும் எண்ணையும் பார்த்தால் போதும். அந்த அறிகுறிக்கு யார் என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதற்கு இதில் இடமில்லை.

உதடு, நாக்கு, முகம் ஆகியவை வீங்குதல், மூச்சுத் திணறல், தொண்டை அடைத்துக் குரல் மாறுதல், மயக்கம், வலிப்பு, நெஞ்சு படபடத்துத் தாளம் தவறுதல், குழம்பிய பேச்சு, நிற்காத வாந்தி, எழுப்ப முடியாதபடி குழந்தை தூங்கிக்கொண்டே இருத்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், வேறு எதையும் யோசிக்காமல் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். ஒவ்வாமைக்கென்று மருத்துவர் முன்பே கொடுத்த அட்ரினலின் ஊசி கைவசம் இருந்தால் அதை உடனே போட வேண்டும். மயங்கியவரையும் வலிப்பு வந்தவரையும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றக் கூடாது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. மருந்துப் புட்டியை மறக்காமல் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்.

அவசரம் இல்லாத நிலையில் முதல் வேலை, அந்த ஹோமியோபதி மருந்தை நிறுத்துவது. அரிப்பு, தடிப்பு, வயிற்றுப்போக்கு, தலைவலி, தூக்கம் கெடுதல் போன்றவை தோன்றும்போது, அளவைக் குறைத்தோ இடைவெளி விட்டோ தொடர்ந்து பார்ப்பதில் பயனில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்றுள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்று 2015-இல் அறிவித்தது. ஆகவே நிறுத்துவதால் இழப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இன்சுலின், வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை என மருத்துவர் எழுதிக் கொடுத்தவற்றை அதோடு சேர்த்து நிறுத்திவிடக் கூடாது. இரண்டும் சேரக் கூடாது என்று யாரோ சொன்னதால் அவற்றை ஏற்கெனவே விட்டிருந்தால், இப்போது படும் அவதிக்கு அப்படி விட்டதே காரணமாக இருக்கலாம். அதை அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நிறுத்துவதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. பெயர் ஒட்டாத பொடியையோ மாத்திரையையோ வாரக்கணக்கில் சாப்பிட்டு, மூட்டுவலியோ இளைப்போ வியக்கும் வேகத்தில் குறைந்து, கூடவே முகம் உப்பி, பசியும் எடையும் ஏறியிருந்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். ஆகவே அங்கே நிறுத்தும் முறையையும் அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இனி புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் 30சி, 200சி, 6எக்ஸ், 3எக்ஸ் என்று ஏதாவது இருக்கும்; இதைத்தான் வீரியம் என்கிறார்கள். எக்ஸ் என்றால் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்றாகவும், சி என்றால் நூறில் ஒன்றாகவும் கரைக்கப்பட்டது என்று பொருள். 3எக்ஸ் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு; 30சி என்பதைச் சொல்ல 1-க்குப் பின்னால் 60 சுழியங்கள் போட வேண்டும். 12சி-யைத் தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எண் ஏற ஏற மருந்து கடுமையாகும் என்று பலர் நினைக்கிறார்கள். நச்சைப் பொறுத்தவரை கணக்கு நேர் எதிரானது. பயப்பட வேண்டியது சிறிய எண்களுக்கும், எண்ணே இல்லாமல் கியூ என்ற எழுத்தோடு வரும் மதர் டிங்சருக்கும்தான். அந்தத் தாய்த்திரவம் கரைக்கப்படாத மூலிகைச் சாறு. நச்சுச் செடியிலிருந்து எடுத்தது என்றால் நச்சும் அதில் இருக்கும்.

மூலப்பொருள் எதுவோ, அறிகுறியும் அதற்கேற்பவே வரும். பெல்லடோனா என்ற செடியில் உள்ள அட்ரோபின் என்ற நச்சு மிகுந்தால் வாய் வறண்டு, முகம் சிவந்து, கண்மணி விரிந்து, இதயம் வேகமாகத் துடிக்கும்; குழந்தைகளுக்கு வலிப்பும் வரலாம். அகோனைட் என்ற நச்சுச் செடி என்றால் உதட்டிலும் நாக்கிலும் மதமதப்பு தொடங்கி, இதயத் துடிப்பின் தாளமே குலையும். நக்ஸ் வாமிகாவின் மூலமான எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரிக்னின் என்ற நச்சு இருக்கிறது. அது தசைகளை விறைக்க வைக்கும். ஆர்செனிகம் ஆல்பம் என்பது ஆர்செனிக் நச்சின் ஆக்சைடேதான். இவை வெறும் ஏட்டுக் கணக்கல்ல. பல்முளைக்கும் குழந்தைகளுக்கான ஹோமியோபதி மாத்திரைகள் சிலவற்றில் பெல்லடோனா சீரற்ற அளவிலும், சிலவற்றில் லேபிளில் சொன்னதைவிட மிக அதிகமாகவும் இருந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் கண்டறிந்தது. ஹோமியோபதி என்ற பெயரில் விற்ற துத்தநாக மூக்கு மருந்தால் மோப்ப சக்தியை இழந்ததாக 130-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்த பின், அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதே நிர்வாகம் 2009-இல் எச்சரித்தது.

உயர் வீரிய மருந்தை, அதாவது பெரிய எண் உள்ளதை, சாப்பிட்டும் தொந்தரவு வந்தால், மருந்து ஏற்றிய உருண்டையையும் திரவத்தையும் சந்தேகிக்க வேண்டும். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பால்சர்க்கரை மாத்திரையால் வயிறு உப்பலாம். சொட்டு மருந்து பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைத்தது; குடியை நிறுத்த டைசல்ஃபிராம் எடுப்பவருக்கு அந்தச் சிறிய அளவே முகச் சிவப்பையும் படபடப்பையும் வாந்தியையும் கொண்டுவரக்கூடும். எடுத்தது தாய்த்திரவம் என்றால் மற்ற மருந்துகளோடு மோதுகிறதா என்றும் பார்க்க வேண்டும்: ஹைபெரிகம் என்ற செடியின் தாய்த்திரவம் கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றின் பலனைக் குறைக்கக் கூடியது.

இவற்றில் எதுவுமே பொருந்தாவிட்டால், மருந்து எடுக்கக் காரணமான நோயே முற்றிக்கொண்டிருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். மருந்து வேலை செய்வதால் நோய் முதலில் மிகுந்து தெரிகிறது என்று சொல்லப் பயன்படும் அக்ரவேஷன் என்ற சொல்லில் பெரிய ஆபத்து ஒளிந்திருப்பது இங்கேதான். ஹோமியோபதியைத் தோற்றுவித்த சாமுவேல் ஹானிமன் 1810-இல் வெளியான ‘ஆர்கனான்’ நூலில் பேசிய மிகுதி, புதிதாக வந்த நோயைப் பொறுத்தவரை முதல் சில மணி நேரத்தில் தோன்றி அடங்கும் சிறிய மிகுதிதான். மூன்று நாளாக ஏறும் காய்ச்சலையும், பரவிக்கொண்டே போகும் தோல்புண்ணையும் அவர் பெயரைச் சொல்லிப் பொறுத்துக்கொள்ள அவருடைய எழுத்திலேயே ஆதாரம் இல்லை. புதிய அறிகுறி ஒரு நாளில் குறையாவிட்டால், அல்லது குறைவதற்குப் பதிலாக ஏறினால், மருத்துவரிடம் போய்விடுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் அந்த ஒரு நாளும் வேண்டாம்.

மருந்தை முறிக்க என்று சொல்லிக் காபியும் கற்பூரமும் கொடுப்பது ஒரு பழைய வழக்கம். காபியால் கெடுதல் அதிகமில்லை. படபடப்பு உள்ளவருக்கு அது கூடும், அவ்வளவுதான். கற்பூரத்தை மட்டும் வாயில் போடவே கூடாது. சிறு குழந்தைக்கு ஒரு சிறு துண்டே வலிப்பை வரவழைக்கப் போதும். மருந்தால் வந்த அவதியைவிட, முறிமருந்தால் வரும் அவதி பெரிதாகிவிடும். அதுபோலவே, தடிப்பை அடக்க இன்னொரு ஹோமியோபதி மருந்தை மேலே ஏற்றினால், எது எதனால் வந்தது என்பது பிறகு யாருக்கும் புரியாது.

மருத்துவரிடம் போகும் முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: மருந்தின் முழுப் பெயரும் வீரியமும், முதல் வேளை எடுத்த தேதியும் நேரமும், அறிகுறி தொடங்கிய நேரம், அதே நாள்களில் எடுத்த மற்ற மருந்துகள். “திங்கள் இரவு 9 மணிக்கு நாலு உருண்டை, செவ்வாய் காலை 6 மணிக்குக் கையில் தடிப்பு” என்ற ஒரு வரி, அரை மணி நேர விளக்கத்தைவிட மருத்துவருக்கு உதவும். தடிப்பு மறைவதற்குள் அதைப் படம் எடுத்து வையுங்கள். சின்னக் குப்பியில் “காலை 4, இரவு 4” என்று மட்டும் எழுதி மருந்தின் பெயரை மறைத்திருந்தால், கொடுத்தவரிடம் பெயரையும் வீரியத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; அதைச் சொல்ல மறுப்பவரிடம் அடுத்த வேளை மருந்து வாங்காதீர்கள்.

மீதமுள்ள மருந்தைக் குப்பையில் கொட்டாமல், லேபிளும் தொகுதி எண்ணும் கிழியாதபடி மூடி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்பிடம் மருத்துவர் வழியாகப் புகார் கொடுக்கும்போது கேட்கப்படுவது அந்தத் தொகுதி எண்தான். கலப்படமோ அளவுப் பிழையோ இருந்ததா என்று சோதிக்கவும் அந்தக் குப்பி தேவைப்படும். உடல் தேறிய பிறகு, அதனால்தானா என்று பார்க்க அதே மருந்தை மறுபடி சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வாமையாக இருந்தால் இரண்டாம் முறை முதல் முறையைவிடக் கடுமையாக வரக்கூடும்.