நீந்தத் தெரிந்த பிள்ளையும் கரையில்தான் நிற்க வேண்டும்

சாரணப் பிள்ளைகளுக்கு முதலுதவி சொல்லித்தரும்போது பலரும் கட்டுத் துணியில் தொடங்குகிறார்கள். கொங்குச் சீமையில் அது போதாது. தோட்டத்துக்குத் தோட்டம் ஆழக் கிணறு. பல ஊர்களை ஒட்டியே கீழ்பவானி வாய்க்காலோ பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலோ ஓடுகிறது. இங்கே முதல் பாடம் தண்ணீர்.

நீச்சல் தெரிந்த பிள்ளையிடம் "குதித்துக் காப்பாற்று" என்று சொல்வதுதான் இதில் பெரிய தவறு. மூழ்குகிறவர் கைக்குச் சிக்கியதைப் பிடித்து மேலே ஏறப் பார்ப்பார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கழுத்து சிக்கினால் இரண்டு உயிரும் போகும். கத்தி ஆள் கூப்பிடு, கம்பை நீட்டு, எட்டாவிட்டால் கயிற்றை எறி: இந்த வரிசை மனதில் பதிய வேண்டும். நின்றுகொண்டு கம்பை நீட்டினால் நீட்டியவரே உள்ளே போவார். குப்புறப் படுத்து நீட்ட வேண்டும். இன்னொருவர் கால்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எறிவதற்கு ஐந்து லிட்டர் காலி கேன் போதும். கால் லிட்டர் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கி, கைப்பிடியில் போலைன் முடிச்சு (இழுத்தாலும் இறுகாத கண்ணி முடிச்சு) போட்டு 15 மீட்டர் கயிறு கட்டுங்கள். வெறும் கேன் காற்றில் விலகிப் போகும். அந்தக் கால் லிட்டர்தான் அதை நேராகக் கொண்டு சேர்க்கும். மறுமுனையைக் காலால் மிதித்துக்கொள்ளட்டும், மணிக்கட்டில் சுற்றவே கூடாது. ஆளைத் தாண்டி விழும்படி எறிந்து, கயிற்றை அவர் கைக்கு இழுத்து வர வேண்டும். பழகும் இடம் பள்ளி மைதானம். கிணற்று மேடு அல்ல.

கரையேற்றியவரின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் இன்னும் நடக்கிறது. வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழலில் இறங்கும், நேரமும் வீணாகும். மூச்சு இல்லையென்றால் முதலில் இரண்டு முறை வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடர வேண்டும். பெரியவர் என்றால் ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பிள்ளைகள் முழங்கையை மடக்கிவிடுவார்கள், அழுத்தம் இறங்காது. தோள் கைக்கு நேர் மேலே இருக்கட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும்.

பாம்புக்கடிக்கு இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாமே கெடுதல். காலில் கட்டிய கறுப்புக் கயிறு, கொலுசு, மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்றி, எலும்பு முறிவுக்குப் போல மட்டை வைத்து அசையாமல் கட்டி, படுத்த நிலையில் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. நம் ஊர் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாராகிறது. முகாமில் தரையில் தூங்கிய பிள்ளை விடியற்காலையில் வயிற்றுவலி என்று சொல்லி, இமையும் தொங்கினால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் கட்டு விரியன் என்றே கருதிக் கிளம்புங்கள். அதன் கடி பல நேரம் வலிக்காது, வீங்காது.

108-க்குப் பேசுவதையும் பழக்க வேண்டும். "எங்க தோட்டத்துல" என்றால் வண்டி எங்கே வரும்? எந்தச் சாலை, எந்தப் பிரிவு, அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர், என்ன அடையாளம் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்கு வழி சொல்லிப் பார்க்கட்டும். பேசி முடித்ததும் ஒரு ஆள் டார்ச்சோடு பிரிவுக்கு ஓட வேண்டும்.